விசாரித்துச் சொல்கிறோம்

பூதலூரில் நான் இறங்கிவிட்டேன், என் பெட்டி இறங்கவில்லை. திருச்சியிலிருந்து வரும் பாசஞ்சர் ரயில் அந்த ஸ்டேஷனில் நிற்பது ஒப்புக்குத்தான். கைப்பை, தண்ணீர் பாட்டில், பெண் வீட்டுக்கென்று மலேசியாவில் கிள்ளானிலிருந்து சுமந்து வந்த பிஸ்கட் டின் எல்லாம் என்னோடு பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டன. பெரிய பெட்டி மட்டும் ரயில் வாசலிலேயே நின்றது. ரயில் நகர ஆரம்பித்ததும் நான் போட்ட கூச்சலில் வாசலோரம் நின்ற ஒருவர் குனிந்து, பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, நகர்கிற ரயிலிலிருந்து எனக்கு முன்னால் நிதானமாக வைத்தார். கழுத்தில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு. இந்தியோ வங்காளமோ, ஏதோ சொல்லிக் கையை ஆட்டினார். ரயில் தஞ்சாவூர்ப் பக்கம் போய்விட்டது.

வெளியே ஆட்டோக்காரரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"வடக்கனா எடுத்துக் குடுத்தான்? பெட்டியத் தொறந்து ஒரு தடவ பாத்துருங்கம்மா. அவனுங்கள நம்ப முடியாது."

திருடுகிறவன் எதற்குப் பெட்டியை இறக்கிக் கொடுக்கிறான் என்று கேட்டிருக்கலாம். கேட்காமல் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஊர்ப் பயம் என்பது வந்து இறங்கியவுடனே ஒட்டிக்கொள்கிறது. சேலைகள், மருந்துப் பை, சாக்லேட் எல்லாம் வைத்தபடி இருந்தன. "இருக்கா? பரவால்ல, இவன் ஏதோ நல்லவன் போல," என்று சொல்லிவிட்டு ஆட்டோவைக் கிளப்பினார். நல்லது செய்தவன் ஒருத்தன் மட்டும் நல்லவனாம். கெட்டது செய்திருந்தால் வடநாடு முழுவதும் திருடர்கள் என்று ஆகியிருக்கும்.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் கிள்ளானில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பள்ளிக்கு விடுமுறை விட்டதும் என் தம்பி மகன் கவினுக்குப் பெண் கேட்கக் கிளம்பி வந்தேன். தம்பி மாரிமுத்து எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவன். நெஞ்சுவலியில் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தான். அவன் மனைவி அதற்கு முன்பே போய்விட்டாள். கவினை வளர்த்தது நான். சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது அதே கம்பெனியில் இருந்த வினோதினியை அவனுக்குப் பிடித்துப்போனது, அவளுக்கும் அவனை. அவள் பூதலூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பிவிட்டாள். சாதி என்னவென்று அவள் அப்பா நடராஜன் முதல் போனிலேயே சுற்றி வளைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டார், அது பொருந்தியது. ஜாதகமும் பொருந்தியது. "விசாரிச்சுச் சொல்றோம்" என்றார்கள். விசாரித்துவிட்டு, வேண்டாம் என்றார்கள். ஏன் என்று சொல்லவில்லை. கவின் வேலைக்குப் போகிறான், வருகிறான், பேசுவதில்லை. "நீங்க ஒரு தடவ நேர்ல போய்ப் பேசுங்க அத்தை" என்று அவன் கேட்டபோது என்னால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

நடராஜன் வீட்டில் எனக்குக் கிடைத்த உபசாரத்தைப் பார்த்தால் யாரும் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். அவர் மனைவி செல்வி இலை போட்டுப் பரிமாறினார். சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு, சுண்டைக்காய் வத்தக்குழம்பு, வாழைப்பூ வடை. எங்கள் ஊரில் சோறு தட்டின் ஒரு ஓரத்தில் அடக்கமாக இருக்கும். இங்கே சோறுதான் வயல், மற்றதெல்லாம் வரப்பு. போதும் என்று கையை மறித்தால் விரலிடுக்கில் விழுகிறது. "மலேசியாவுல எல்லாம் சும்மா கொறிப்பாங்க போல," என்று செல்வி சிரித்தார். மறுக்கப் போகிற ஆளுக்கு எதற்கு இத்தனை வடை என்று யோசித்தபடி நான் மூன்றாவதையும் சாப்பிட்டேன்.

வெயில் தாழ்ந்ததும் நடராஜன் என்னை வயலுக்கு அழைத்துப் போனார். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. நடுகிறவர்கள் எல்லோரும் ஆண்கள், வங்காளத்திலிருந்து கூட்டமாக வந்தவர்கள். குறுக்கே கயிறு கட்டி, பின்பக்கமாக நகர்ந்து, தையல் மெஷின் போல நட்டுக்கொண்டே போனார்கள். நாற்று முடி வேண்டியிருந்தபோது நடராஜன் "ஏ பெங்காலி" என்றார். நாலு பேர் நிமிர்ந்தார்கள். யாருக்கும் தனித்தனியாகப் பேர் இருப்பதாகத் தெரியவில்லை. எங்கள் தோட்டத்து ஆபீசில் தலைமுறை தலைமுறையாக எடுபிடி வேலை செய்த தமிழர் எல்லோருக்கும் 'தம்பி' என்று ஒரே பேர்தான். நரைத்த கிழவரும் தம்பிதான்.

"வேலையில கெட்டிக்காரனுங்க," என்றார் நடராஜன். "ஆனா பொழுது சாஞ்சா மோட்டார் கொட்டாயப் பூட்டிருவேன். ஒரு மாதிரியான ஆளுங்க."

"ஏதாவது எடுத்துட்டாங்களா?"

"இதுவரைக்கும் இல்ல. எடுக்க விட்டாத்தானே?"

அந்த வரப்பிலேயே நான் நேராகக் கேட்டேன். கவினை ஏன் வேண்டாம் என்கிறீர்கள்? அவர் குனிந்து மடையில் அடைத்திருந்த புல்லை எடுத்துப் போட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்களப் பாத்தா நல்ல மாதிரியா இருக்கீங்க. ஆனா மலேசியாத் தமிழன்னா குடி, கேங்கு, கத்தின்னு சொல்றாங்க. பொண்டாட்டியப் போட்டு அடிப்பானுங்களாம். எனக்கு ஒரே பொண்ணு. அவ அங்க அடி வாங்குனா நான் இங்கேருந்து என்னங்க பண்ண முடியும்?"

கடைசி வார்த்தைகளில் அவர் குரல் கம்மிவிட்டது. நடிப்பில்லை. அதனாலேயே எனக்குக் கோபப்படவும் முடியவில்லை. இதே வார்த்தைகளை என் நாட்டில் நான் வேறு மொழிகளில் கேட்டுப் பழகியவள். கவினுக்கு வாடகை அறை தேடியபோது போனில் நான் பேசிய மலாயைக் கேட்டு "உடனே வாருங்கள்" என்றார் வீட்டுக்காரர். நேரில் எங்கள் இருவரின் நிறத்தைப் பார்த்ததும் அறை வேறு ஆளுக்குப் போய்விட்டது என்றார். விளம்பரத்திலேயே இந்தியர்கள் வேண்டாம் என்று போடுகிறவர்களும் உண்டு. அவர்களால் நமக்கு பெட்ரோலாவது மிச்சம். ஆனால் தமிழில், தமிழர் வாயால், தமிழர் வயல் வரப்பில் நின்று அதைக் கேட்பேன் என்று நான் நினைத்ததில்லை. பெற்ற தாய் வீட்டில் செருப்பைக் கழற்றாதே, வெளியே போ என்று சொன்னது போல் இருந்தது.

எங்களில் கேங் இல்லையா என்றால், இருக்கிறது. என் வேனில் போன பையன் ஒருவன் இன்றைக்குச் சிறையில் இருக்கிறான். அதே வேனில், அதே சீட்டில் உட்கார்ந்து போன ஒருத்தி பல் டாக்டர். பல் டாக்டரைப் பற்றி யாரும் கடல் தாண்டிக் கதை கொண்டு வருவதில்லை.

"யார் சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"பட்டுக்கோட்டையில எங்க மச்சான் கோவிந்தராஜு. தங்கச்சி வீட்டுக்காரரு, தேங்கா மண்டி வச்சிருக்காரு. அவருதான் விசாரிச்சாரு. விசாரிக்காம ஒரு வார்த்த சொல்ல மாட்டாரு. வேணும்னா நீங்களே போய்க் கேட்டுக்குங்க."

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வினோதினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை மன்னார்குடியிலிருந்து வேறொரு மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிறார்களாம். "அப்பாவ மீறி நான் வரமாட்டேன் அத்தை. ஆனா இன்னொருத்தர் முன்னாடி போய் நிக்கவும் என்னால முடியாது," என்றாள். அன்று செவ்வாய். விடிந்ததும் பட்டுக்கோட்டைக்குப் பஸ் பிடித்தேன்.

பஸ் ஒரத்தநாட்டைத் தாண்டிப் படுத்துவிட்டது. ஏதோ பெல்ட் அறுந்துவிட்டதாம். எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். பக்கத்து டீக்கடையில் டீயைக் குட்டிக் கண்ணாடி கிளாசில் தந்தார்கள். பெரிய கிளாசில் நுரை பொங்க ஆற்றித் தரும் எங்கள் ஊர் தே தாரே குடித்துப் பழகிய எனக்கு அது ஒரு வாய்க்குத்தான் வந்தது.

"தஞ்சாவூரு டிப்போ வண்டில்ல? சோறத் தின்னுட்டு ஆளுங்க தூங்குற மாதிரி வண்டியும் தூங்குது," என்றார் ஒரு பட்டுக்கோட்டைக்காரர்.

"பட்டுக்கோட்டையான்கிட்ட கை குடுத்தா விரல எண்ணிப் பாத்துக்கணும். நீ பேசுற," என்றார் இன்னொருவர்.

கண்டக்டர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீ குடிக்கிற நேரத்துக்கு நல்ல பொழுதுபோக்குதான். அந்த இருவரில் ஒருவருடைய பெண்ணை இன்னொருவர் வீட்டிலிருந்து கேட்டுப் போகும் நாளில் இந்தச் சிரிப்பு எங்கே இருக்கும் என்று தோன்றியதும் டீ கசந்தது.

கோவிந்தராஜுவின் மண்டியில் தேங்காய் மலையாகக் குவிந்திருந்தது. ஆள் தங்கமானவர். நான் யார் என்று சொன்னதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, இளநீர் வெட்டச் சொன்னார். ஒன்று குடித்து முடிப்பதற்குள் இன்னொன்று வந்தது.

"நான் பொய் சொல்லலைங்க. பட்டப்பகல்ல, கடை வாசல்ல, பெரிய கத்திய எடுத்துக்கிட்டு வெட்டிக்கிட்டானுங்க. ரத்தம் படியில வழியுது. அத்தன பேரும் தமிழனுங்க." கண் முன்னால் நடப்பது போலச் சொன்னார்.

"நீங்க எப்ப மலேசியா வந்தீங்க?"

"நான் எங்க வந்தேன்? எனக்குப் பாஸ்போர்ட்டே கெடையாது. நாகப்பட்டினத்துல ஷாகுல் பாய்னு ஒருத்தரு. சாப்பாட்டுக் கடை வச்சிருக்காரு, தேங்கா நம்மகிட்டதான் எடுக்குறாரு. ரொம்ப வருஷம் உங்க ஊரு ஓட்டல்ல இருந்தவரு. அவரு கண்ணால பாத்தது. அதுமட்டும் இல்லைங்க, போன்லயும் எத்தன வருது பாருங்க."

போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். சிலர் நாற்காலியால் அடித்துக்கொண்டார்கள். பின்னால் தெரிந்த கடைப் பலகையில் தாய்லாந்து எழுத்து. இது மலேசியாவே இல்லை என்று சொன்னேன். அவர் போனைத் தூரத்தில் வைத்தும் பக்கத்தில் வைத்தும் பார்த்தார். "இருக்கட்டுமே, அதுவும் அந்தப் பக்கந்தானே," என்று சொல்லி, மூன்றாவது இளநீர் வேண்டுமா என்று கேட்டார்.

நாகப்பட்டினம் பஸ்ஸில் நல்ல கூட்டம். ஆனால் நடுவில் ஓர் இருக்கையில் மட்டும் பாதி காலியாக இருந்தது. மீன் விற்கிற அம்மா ஒருவர் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார், காலடியில் கூடை. மூன்று பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலி இடத்தைப் பார்க்காமல் பார்த்தபடி நின்றார்கள். நான் போய் உட்கார்ந்தேன்.

"உக்காருங்க, கூட காலிதான்," என்றார் அவர். "காலையிலேயே வித்துப்போச்சு. குளிச்சு வேற சேல மாத்திட்டுத்தான் ஏறுனேன். ஆனாலும் எந்திரிச்சுருவாங்க."

எனக்கு எந்த வாடையும் வரவில்லை. திருத்துறைப்பூண்டி வரை அவர் தன் மகள் நர்சிங் படிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். மகளோடு பஸ்ஸில் போகும்போது மட்டும் அவர் தனியாக வேறு சீட்டில் உட்கார்ந்துகொள்வாராம். அவள் கேட்கவில்லை, இவராகவே அப்படிச் செய்கிறார். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

எங்கள் பாட்டனார் காலத்தில் மலாயாவுக்கு ஆள் ஏற்றிய கப்பல்கள் நாகப்பட்டினத்திலிருந்துதான் புறப்பட்டன. கடற்கரையில் நின்றால் ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். உப்புக்காற்றும் டீசல் வாடையும்தான் வந்தன. லாட்ஜில் படுத்து எழுந்து, வியாழக்கிழமை காலை ஷாகுல் பாயின் கடையைத் தேடிப் போனேன்.

எண்ணெய்ச் சட்டியில் இறால் வாடா, அந்த ஊர் அரிசிமாவு வடை, பொரிந்துகொண்டிருந்தது. அறுபதை நெருங்கிய மனிதர், தொப்பிக்குக் கீழே வேர்த்திருந்தது. நான் கிள்ளான் என்றதும் கரண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டார். எந்தத் தெரு, எந்தப் பள்ளிவாசல், அந்தப் பழைய பாலம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் கத்திச் சண்டையைப் பற்றிக் கேட்டேன்.

"ஆமாம்மா, நடந்துச்சு. ரெண்டு கூட்டம், கடை வாசல்லயே. நான் டீத் தட்டோட நின்னுக்கிட்டிருந்தேன். ஓடலாம்னு திரும்புனா கால் வழுக்கி, கொதிக்கிற பாத்திரம் மேல கவுந்துருச்சு. தொடையெல்லாம் வெந்துபோச்சு. பாஸ்போர்ட் மொதலாளிகிட்ட. ஆஸ்பத்திரிக்குப் போனா பேப்பர் கேப்பாங்க. எல்லாரும் நின்னு பாக்குறாங்க. அந்தச் சண்டக் கூட்டத்துல இருந்த ஒரு தமிழ்ப் பையன், கை நிறைய பச்சை குத்தியிருந்தான், அவன்தான் வந்து என்னைத் தூக்கி மோட்டார் சைக்கிள்ல முன்னாடி உக்கார வச்சுக் கொண்டு போனான். ஆஸ்பத்திரியில என் சித்தப்பான்னு சொல்லி அவன் பேரையும் அட்ரஸையும் குடுத்தான். சாயங்காலம் வரைக்கும் நகரல. வெளிய போலீஸ் அவனைத் தேடுது, தெரிஞ்சும் நகரல."

வேட்டியை லேசாக ஒதுக்கி, முழங்காலுக்கு மேல் சுருங்கிக் கிடந்த தோலைக் காட்டினார்.

"இதைக் கோவிந்தராஜுகிட்ட சொன்னீங்களா?"

"முழுசாச் சொன்னேனே. அந்தப் பையனைப் பத்திச் சொல்லத்தானே அந்தக் கதையவே எடுத்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பையனுக்காகச் சொல்லப்பட்ட கதையில் அந்தப் பையனே இல்லாமல் போய்விட்டான். பட்டுக்கோட்டைக்கு வந்தபோது கத்தி மட்டும் இருந்தது. பூதலூருக்குப் போனபோது பொண்டாட்டியை அடிக்கிறவனும் சேர்ந்துவிட்டான்.

நான் விஷயத்தைச் சொல்லிக் கேட்டதும் ஷாகுல் பாய் அங்கேயே நடராஜனுக்குப் போன் போட்டார். எனக்குச் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். "அல்லா மேல ஆணையா சொல்றேங்க, பொண்ணைத் தாராளமாக் குடுங்க. என் பொண்ணா இருந்தா நான் குடுப்பேன்," என்று முடித்தார். மறுமுனையில் "சரிங்க பாய், சரிங்க பாய்" என்று கேட்டது. அவர் என்னிடம் வாடாவுக்குக் காசு வாங்கவில்லை. கையைப் பிடித்துக் கும்பிடத் தோன்றியது. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பும்போது சொன்னார்: "உங்க ஆளுங்க தங்கம்மா. அங்க கெட்டதுன்னா அந்த பங்களாதேஷ்காரனுங்கதான். எங்ககூட வேல பாத்தானுங்க. அத்தன பேரும் திருட்டுப் பசங்க."

நான் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டில் பஸ் மாட்டிக்கொண்டது. ஒரு சரக்கு ரயில் போனது, கேட் திறக்கவில்லை, இன்னொன்று வந்தது. வெள்ளரிப்பிஞ்சு விற்றவர் பஸ்ஸை இரண்டு முறை சுற்றி வந்தார். வழக்கமாக எனக்கு இப்படி நின்றால் பொறுமை போய்விடும். அன்று எரிச்சலே வரவில்லை. கண்ணால் பார்த்தவரே சொல்லிவிட்டார், இனி என்ன இருக்கிறது? கவினுக்கு "நல்ல செய்தி மாதிரி தெரிகிறது" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். அதை அனுப்பாமல் இருந்திருக்கலாம்.

நடராஜன் மோர் கொடுத்து உட்காரச் சொன்னார்.

"பாய் பேசுனாரும்மா. நல்ல மனுஷன். ஆனா அவங்க உங்க நாட்டை விட்டுக்குடுக்க மாட்டாங்க. அங்க நடக்குறது அவங்க முஸ்லிம் ஆளுங்க ராஜ்ஜியம்ல?"

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் கேட்டேன். "அதே பாய் சொன்னார்னுதானே எங்களை வேண்டாம்னீங்க?"

"கெட்டதை யாரும் சும்மா சொல்ல மாட்டாங்கம்மா. நல்லதுன்னு ஒருத்தரு வலிய வந்து சொன்னாத்தான், ஏன் சொல்றாருன்னு யோசிக்கணும்."

அவர் சண்டைக்காகச் சொல்லவில்லை. பெண்ணைப் பெற்றவர் பொறுப்பாக யோசித்துச் சொன்னார். உலகத்தில் உள்ள அத்தனை சாட்சிகளையும் பஸ் பஸ்ஸாக ஏற்றிக் கொண்டுவந்து இந்தக் கூடத்தில் நிறுத்தினாலும் ஒவ்வொருவருக்கும் ஒரு குறை இவரிடம் தயாராக இருக்கும். அந்தக் குறைகளையும் இவர் எங்கோ கேட்டுத்தான் சேர்த்து வைத்திருப்பார். வினோதினி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். நான் அவளைப் பார்க்காமல் மோரைக் குடித்து முடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மன்னார்குடிக்காரர்களுக்காகச் செல்வி கேசரி கிளறிக்கொண்டிருந்தார். நான் பெட்டியைக் கட்டிவிட்டேன். அப்போது வினோதினி போனோடு கூடத்துக்கு வந்தாள். "அப்பா, அவர் உங்ககிட்ட ஒரு தடவ பேசணுமாம். அப்புறம் உங்க இஷ்டம்," என்றாள். நடராஜன் வேண்டாம் என்று சொல்வதற்குள் வீடியோவில் கவின் முகம் வந்துவிட்டது. சட்டைக்குள் அடங்காத தோள், அப்பனைப் போலவே. நெற்றியில் விபூதி. கையெடுத்துக் கும்பிட்டான்.

"மாமா, நீங்க கேள்விப்பட்டது எதுவும் பொய் இல்ல," என்றான்.

நான் நிமிர்ந்தேன்.

"இங்க தோட்டத்துலேருந்து வந்த ஆளுங்க அப்படித்தான். குடி, சண்ட, எல்லாம் அவங்கதான். எங்களுக்கே அவங்களப் பாத்தா பயம். எங்க குடும்பம் அந்த மாதிரி இல்ல மாமா. நாங்க டவுன் ஆளுங்க. அவங்களோட எங்களுக்குப் பேச்சுவார்த்தையே கெடையாது."

போனின் மூலையில் சின்னச் சதுரத்தில் என் முகமும் தெரிந்தது. அவன் என்னைப் பார்த்தானா என்று தெரியவில்லை. மாரிமுத்து அந்தத் தோட்டத்தில் கூலிக்காரர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் பிறந்தான், அங்கேயே செத்தான். குலை வெட்டிய கழியால் அவன் வலது தோள் காய்ப்புக் காய்த்து மரக்கட்டையாக இருக்கும். சம்பள நாளில் கொஞ்சம் குடிப்பான், குடித்தால் பாடுவான், மகனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு லயம் லயமாகப் போவான். யார் மீதும் கை வைத்ததில்லை. இதெல்லாம் வினோதினிக்கும் தெரியும். சிங்கப்பூரில் கவின் அவளிடம் அப்பாவைப் பற்றித்தான் அதிகம் பேசினானாம், அவளே எனக்குச் சொன்னாள். அவள் இப்போது போனைப் பிடித்திருந்த தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடராஜனின் முகம் மெதுவாக இளகியது. இத்தனை நாள் எந்தப் பேச்சாலும் என்னால் இளக்க முடியாத முகம்.

"அப்படிச் சொல்லுங்க தம்பி," என்றார். "இப்பப் புரியுது. எங்க ஊருலயும் இருக்காங்க, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அவனுங்கள வச்சு எங்களை எடை போட்டா எப்படி? அது தப்புத்தானே?"

"தப்புத்தான் மாமா," என்றான் கவின்.

என் தொண்டைக்குள் மாரிமுத்துவின் பேர் வந்து நின்றது. அதைச் சொன்னால் இந்தப் பெண்ணின் கல்யாணம் நின்றுவிடும். சொல்லாவிட்டால் என் தம்பி இரண்டாம் முறை சாகிறான். நான் வாயைத் திறக்கவில்லை. நடராஜன் எழுந்து வாசலுக்குப் போய் மன்னார்குடிக்குப் போன் செய்து, வரவேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னார். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேசரியைத் தட்டில் வைத்து எனக்கு நீட்டினார். வினோதினி போனை என்னிடம் கொடுக்காமலே அணைத்துவிட்டு உள்ளே போனாள்.

நடராஜன் திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். பல் வரிசை அழகாக இருந்தது.

"சம்பந்தி, இத நீங்க வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? பாவம், வீணா அலைஞ்சுட்டீங்க."

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.